விடுபட்ட முதல் உறுப்பு

என் அண்ணிக்கு ஆபீஸில் வைத்திருந்த பட்டப்பெயர் 'அதிகபட்சம்'. முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான், ஆனால் அது அவர் காதுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அண்ணி கேட்பது ஒரே கேள்வி: "அதிகபட்சம் எவ்வளவு தப்பா இருக்கும்?" கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் போனில் நாலு மணிக்கு வருகிறேன் என்றால் அவரிடமும் இதைத்தான் கேட்பார். அந்த மனிதர் மிரண்டு போய், "அம்மா, நான் தப்பா எதுவும் கொண்டு வர மாட்டேம்மா" என்பார்.

நான் குழாய் வேலை செய்கிறவன். எனக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூடத்திலேயே பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. அண்ணன் டவுன் பஸ் ஓட்டினார். கீழ் வீட்டில் நான், மாடியில் அவர்கள். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. சாப்பாடு எப்போதும் மாடியில்தான். அதனால் அண்ணியின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து காதில் வாங்கியது.

மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் பெட்டி மாட்டியிருப்பார்களே, பச்சை எண்கள் மினுங்க, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் ஏற்றுமே, அந்தப் பம்பு செய்கிற தொழிற்சாலையில் அண்ணி கணக்கு வேலை பார்த்தார். கணக்கு என்றால் வரவு செலவு இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சில்லுக்குக் கூட்டவும் பெருக்கவும் மட்டும்தான் தெரியுமாம். ரத்தத்தில் மருந்து குறைவதோ ஒரு வளைகோடு. அந்தக் கோட்டைக் கூட்டல் பெருக்கலால் முழுதாகப் பிடிக்க முடியாது. உறுப்பு என்று அவர்கள் சொல்லும் துண்டுகளை ஒவ்வொன்றாக முடிவில்லாமல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தியது வரைக்கும் உள்ளதற்குப் பல்லுறுப்புக்கோவை என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். நிறுத்தியதற்கு அப்பால் விடுபட்டுப் போனது பிழை.

"அஞ்சாவது உறுப்போட விட்டுட்டோம்" என்று அண்ணி முதன்முதலில் சொன்னபோது நான் ஏதோ ஆபரேஷன் சமாச்சாரம் என்று நினைத்துக் கையைக் கழுவப் போய்விட்டேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "நாம பிழைக்கறதுக்கு வேலைக்குப் போறோம். இவ பிழைக்காகவே வேலைக்குப் போறா" என்பார். "உங்க அண்ணி ரோட்டக் கடக்கறதப் பாத்திருக்கியாடா? வர்ற வண்டி எதுக்குமே பிரேக் இல்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கடப்பா. நானே பஸ்ஸ நிறுத்திக் கையக் காட்டினாலும் நம்ப மாட்டா."

"உங்க பிரேக்கத்தான் முக்கியமா நம்பறதில்ல" என்பார் அண்ணி.

நானும் ஒரு நாள் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பிழை எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிட வேண்டியதுதானே அண்ணி? எதுக்கு இத்தனை பாடு?"

"கண்டுபிடிச்சுட்டா அதையும் சேத்துக் கூட்டிடலாமே தம்பி. அப்புறம் பிழையே இருக்காதே" என்றார். "அது எவ்வளவுன்னு தெரியவே தெரியாது. இதுக்கு மேல போகாதுன்னு ஒரு வேலி போடலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

அது மட்டும் எனக்குப் புரிந்தது. எத்தனையோ வீட்டுச் சுவருக்குள் கசிவு எங்கே என்று தெரியாமல், இந்தச் சுவரைத் தாண்டி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாமும் அதே தொழில்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலி இரண்டு விதமாகப் போடலாமாம். ஒன்று கஷ்டமானது. விட்டுப்போனதன் அளவு, நடுவில் எங்கோ ஓரிடத்தில் கோடு எப்படி வளைகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இருப்பதிலேயே மோசமான வளைவு எதுவோ அதை எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். இன்னொன்று சுலபமானது. கூட்டுகிற உறுப்புகள் ஒன்று கூட்டல், அடுத்தது கழித்தல் என்று மாறி மாறி வந்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறுத்துக்கொண்டே போனால், விடுபட்ட முதல் உறுப்புதான் வேலி. பிழை அதைத் தாண்டாது. அண்ணி மேஜையில் விரலை வைத்துக் காட்டினார். காலடி வைக்கிற மாதிரி இந்தப் பக்கம் ஓர் எட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் சின்ன எட்டு, மறுபடி இந்தப் பக்கம் அதைவிடச் சின்ன எட்டு. உண்மையான விடை கடைசி இரண்டு எட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

பாப்பா வெளிநாட்டுக்குப் படிக்கப் போன சமயம் என்று நினைக்கிறேன். பாப்பா என்றால் அண்ணனின் ஒரே மகள். கப்பல் கட்டுகிற படிப்பு, உதவித்தொகையில் போனாள். வளர்ந்து என் தலைக்கு மேல் நின்றாலும் எங்களுக்குப் பாப்பாதான். அப்போதுதான் தொழிற்சாலையில் ஒரு புது மாடல் பம்பு தயாரானது. பழைய பம்பு, மருந்து இனிமேல் எப்படிக் குறையும் என்று மட்டும் பார்க்கும். புதியது, இப்போது ரத்தத்தில் உள்ளதை வைத்துப் பின்னோக்கிப் போய், முன்பு எவ்வளவு இருந்தது என்றும் சொல்லும். புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் பழைய கணக்கையே எடுத்துக் குறியை மட்டும் மாற்றிப் போட்டார். கணக்கில் தவறில்லை. ஆனால் குறி மாறியதும் மாறி மாறி வந்த கூட்டலும் கழித்தலும் போய், எல்லாமே கூட்டலாகிவிட்டது. வேலியை அவர் மாற்றவில்லை. விடுபட்ட முதல் உறுப்பே பழையபடி வேலியாக நின்றது.

சோதித்துப் பார்த்தார்கள், எல்லாம் கச்சிதம். பெட்டி கட்டி லாரி வரைக்கும் ஏற்பாடாகிவிட்டது. கணக்கைச் சரிபார்க்கும் அண்ணி கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மேனேஜருக்குத் தலைக்கு மேல் கோபம்.

"நாலு தசம இடம் வரைக்கும் சரியா வருது. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"பக்கத்துலயே நின்னு பாத்திருக்கீங்க சார். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டா அது சரியாத்தான் சொல்லும். ரொம்ப முன்னாடின்னு கேட்டுப் பாருங்க. முன்ன ஒண்ணு கூடினா அடுத்தது கழிஞ்சு சரிக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப விட்டது பூராவும் ஒரே பக்கமா சேருது."

தூரமான நேரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழை வேலியைத் தாண்டித்தான் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் தாண்டிவிட்டது. கட்டிய பெட்டிகளைப் பிரித்தார்கள். அந்த இன்ஜினியர் அண்ணியிடம் வந்து, எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாராம். நானும் அன்று சாப்பிடும்போது அதையே கேட்டேன்.

"அந்த விதி சுலபமா இருக்கறதால எல்லாரும் அதுமேல போய் விழுவாங்க தம்பி. மாறி மாறி வரணும், சிறுத்துக்கிட்டே போகணும். அதுவும் முதல் நாலஞ்சு உறுப்பு அப்படி வந்தாப் போதாது. கடைசி வரைக்கும் அப்படித்தான் வரும்னு நிரூபணம் இருக்கணும். இல்லன்னா அது வேலி இல்ல, ஆசை" என்றார்.

அண்ணன் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது அவர் கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் இருந்ததை நாங்கள் மூன்று பேருமே கவனிக்கவில்லை.

கல்லீரல் என்றார்கள். ஒரு சொட்டு குடிக்காத மனுஷர். கல்லீரல் என்றதும் தெருவே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று டாக்டரம்மாவே சொன்னார். அதை நான் வீடு வீடாகப் போயா சொல்ல முடியும்? கல்லீரல் மாற்று ஆபரேஷனை அவருடைய இதயம் தாங்காது என்று அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள்.

வாராவாரம் ரத்தம் எடுத்தார்கள். முதல் வாரம் காமாலை அளவு எகிறியது. அடுத்த வாரம் இறங்கியது. மறுபடி ஏறியது, ஆனால் முன்பு ஏறிய அளவுக்கு இல்லை. மறுபடி இறங்கியது. அண்ணன் தலையணையில் சாய்ந்துகொண்டு, "என் ரத்தம் நம்ம ரூட் பஸ் மாதிரிடா. போகும், வரும்" என்று என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பாப்பா போன் செய்தாள். இறுதித் தேர்வு தொடங்கப் போகிறது. பாதியில் விட்டு வந்தால் உதவித்தொகை போய்விடும், படிப்பும் ஏறக்குறைய போன மாதிரிதான். வராமல் இருந்து அதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"அம்மா, நீயே சொல்லு. இப்பவே கிளம்பட்டுமா, எழுதி முடிச்சுட்டு வரட்டுமா? நீ சொல்றபடி செய்யறேன்."

 நாளைக்குச் சொல்கிறேன் என்று அண்ணி போனை வைத்தார். மறுநாள் டாக்டரம்மாவிடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் நானும் நின்றேன்.

"இப்போதைக்கு பயமில்லன்னு சொல்றீங்க டாக்டர். அது அதிகபட்சம் எவ்வளவு தப்பாகலாம்?"

டாக்டரம்மா நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியாதும்மா. உங்க பொண்ண வரச் சொல்றதுல தப்பே இல்ல. அவசரமான்னு கேட்டா, இன்னிக்கு இல்ல. நாளைக்குக் கேட்டா நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார்.

வெளியே வந்ததும், "வரச் சொல்லிடுங்க அண்ணி" என்றேன் நான்.

அண்ணி அதுவரை வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பாருங்க தம்பி. ஏறுது, இறங்குது. ஏறுது, இறங்குது. ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைஞ்சுக்கிட்டே வருது. இது ஒரு எடத்துல வந்து நிக்கப் போகுது. இனிமே ஏறினாலும் கடைசியா ஏறின அளவத் தாண்டாது. அவ எழுதி முடிச்சுட்டே வரட்டும்."

எனக்கு அந்த நிமிஷம் எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. அண்ணி கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார், இனி பயமில்லை என்று ஒரு மூச்சு விட்டேன், அவ்வளவுதான். எத்தனையோ பேர் அவர் கையெழுத்தை நம்பி ஊசி போட்டுக்கொள்கிறார்கள், எனக்கென்ன. பாப்பாவுக்கும் அப்படியே சொல்லப்பட்டது. சரிம்மா என்று அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. ஏற வேண்டிய முறைதான், கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கடுத்தது இறங்க வேண்டும்.

ஏறியிருந்தது.

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றபடியே அண்ணி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண், "அடுத்தவங்க வாங்க" என்றாள். அண்ணி நகரவில்லை. நான் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டி வந்தேன். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"உடம்புக்கு யாரு தம்பி நிரூபணம் குடுத்தா?" என்றார். "நாலு தடவை ஆடினதப் பாத்து நான் வேலி போட்டுட்டேன். அந்த இன்ஜினியர் தம்பி செஞ்சதவிட மோசம். அவனாவது தெரியாம செஞ்சான்."

அங்கிருந்தே பாப்பாவுக்குப் போன் போட்டார். "கிளம்பி வா" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மீதியை நான்தான் சொன்னேன். பாதித் தேர்வை எழுதியிருந்தாள். மீதியை விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆனால் கிடைத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான். அந்த இரண்டு நாளில் அண்ணனுக்குப் புத்தி கலங்கத் தொடங்கிவிட்டது. கல்லீரல் வடிகட்டாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். என்னை 'கண்டக்டர்' என்று கூப்பிட்டு, ஆள் ஏறியாச்சா என்று கேட்டார். ஏறியாச்சு என்று நானும் சொன்னேன்.

விமான நிலையத்திலிருந்து பாப்பாவை நேராக மருத்துவமனைக்கே கூட்டி வந்தேன். பெட்டியோடு வார்டுக்குள் நுழைந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணன் கண்ணைத் திறந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்க" என்றார். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. கொஞ்சினால் 'டா', கோபம் வந்தால் 'டி'. பாப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான்தாம்பா வந்திருக்கேன்."

"அப்படியா, சந்தோஷம்" என்றார் மரியாதையாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உங்க வயசுதான் இருக்கும். கப்பல் கட்டறதுக்குப் படிக்கிறா. இப்ப அவளுக்குப் பரீட்சை. எனக்கு முடியலன்னு அவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, என்ன? எழுதி முடிக்கட்டும்."

பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேங்க" என்றாள்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நின்றார். நான் வெளியே போய்விட்டேன். அங்கே நிற்க என்னால் முடியவில்லை, மறைக்க என்ன இருக்கிறது.

அவர் தெளியவே இல்லை. அந்த வாரமே போய்விட்டார். கடைசி வரைக்கும் பாப்பாவை வாங்க போங்க என்றுதான் பேசினார். பக்கத்தில் இருந்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், உங்கள் வீட்டில் தேட மாட்டார்களா என்று ஒரு தடவை கேட்டார். மற்றபடி பெரிய வலி எதுவும் இல்லாமல் போனார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் அண்ணியும் பாப்பாவும் மாடியில் அண்ணனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு. நான் குளியலறைக் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான்தான் உன்ன வர வேண்டாம்னு சொன்னேன்" என்றார் அண்ணி. "தப்பான கணக்குப் போட்டுச் சொல்லிட்டேன். அப்பவே வந்திருந்தா அப்பா உங்கிட்ட பேசியிருப்பாரு. உன்ன அடையாளம் தெரிஞ்சு பேசியிருப்பாரு. பரீட்சையும் போச்சு, இதுவும் போச்சு. நீ என்னத் திட்டவாவது திட்டு."

 பாப்பா சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உங்கிட்ட கேட்டேன்ல, வரட்டுமான்னு. அதுக்கு முந்தின நாளே டிக்கெட் பாத்தேம்மா. காலையில ஒரு விமானத்துல எடம் இருந்துச்சு. பணம் கட்டற வரைக்கும் போயிட்டு மூடி வச்சுட்டேன். நீயே வராதன்னு சொல்லிடணும்னு நெனச்சுக்கிட்டேதான் உனக்குப் போன் பண்ணேன். நீ சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

என் கையில் இருந்த குறடு அப்படியே நின்றுவிட்டது.

"நான் வான்னு சொல்லியிருந்தா?" என்றார் அண்ணி.

"வந்திருப்பேன்."

"நான் ஒண்ணுமே சொல்லாம, உன் இஷ்டம்னு விட்டிருந்தா வந்திருப்பியா?"

 பாப்பா பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"தெரியலம்மா" என்றாள்.

அண்ணி இன்னொரு கேள்வி கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "தெரியலன்னே இருக்கட்டும்."

அப்போதுதான் இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.